கரும்பலகையில் பிறந்த கணக்குத் தாள்



முப்பத்தைந்து ஆண்டுகள் மதிப்பெண் பதிவேட்டில் கூட்டல் போட்டவன் நான். நேராகக் கூட்டி, குறுக்காகக் கூட்டி, இரண்டும் ஒத்துவந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் மொத்தம், சராசரி, தர வரிசை எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு, மூன்று மாதமாக மருமகளிடம் எக்செல் கற்கிறேன். "மாமா, முதல்ல சமக்குறி போடுங்க. அப்பத்தான் அது கணக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்" என்பதுதான் முதல் பாடம்.

இதை யார் உருவாக்கியது என்று தேடிப் படித்தேன். கதை ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது.

1978ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்று ஒரு மாணவர். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதுகிறார். ஓரிடத்தில் பிழை. அதைத் திருத்தியதும், அதைச் சார்ந்த எண்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்து எழுத வேண்டியதாயிற்று. நாம் எத்தனை முறை செய்திருப்போம்! ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் பலகை இருந்தால் என்ன என்று அந்த மாணவர் யோசித்தார்.

நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அதை மென்பொருளாக்கினார். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசிகால்க்' வெளிவந்தது. 63 நிரல்கள், 254 நிரைகள். நிரலுக்கு எழுத்து, நிரைக்கு எண். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ1, பி2 என்று கதவு எண் போல ஒரு முகவரி. சூத்திரத்தில் எண்ணை எழுதாமல் முகவரியை எழுதுவதுதான் சூட்சுமம். அந்த வீட்டில் குடியிருக்கும் எண் மாறினாலும் சூத்திரம் மாறாது. விடை மட்டும் மாறும்.

இதற்காகவே ஆப்பிள் கணினி வாங்கியவர்கள் உண்டு. பிரிக்லின் காப்புரிமை பெறவில்லை. அந்நாளில் மென்பொருளுக்கு அது கிடைப்பது அரிது. 1983இல் 'லோட்டஸ் 1-2-3' வந்து விசிகால்க்கை முந்தியது. 1985இல் மேக்கின்டாஷ் கணினிக்கும், 1987இல் விண்டோஸுக்கும் எக்செல் வந்தது. இன்று அதன் ஒரு தாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிரைகள்.

இனி என் கதை. ஓய்வு பெற்ற நண்பர்கள் சேர்ந்து நடத்தும் உதவி நிதியின் கணக்கை எக்செல்லில் ஏற்றினேன். 'சம்' சூத்திரம் போட்டு, மவுஸை இழுத்து, வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பினேன். அன்று இரவே மறைந்த நண்பரின் மனைவி அழைத்தார். "சார், கூட்டிப் பார்த்தேன். ஐந்நூறு ரூபாய் குறையுது. என் பணம் சேரலையா?" கடைசிப் பெயர் அவருடையது. என் கை ஒரு நிரை முன்பே நின்றுவிட்டது. கணவரின் நினைவாகக் கொடுத்த பணம். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2010இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், அதே ஹார்வர்டைச் சேர்ந்த கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், அரசின் கடன் மிகுந்தால் வளர்ச்சி குன்றும் என்று எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களின் எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரிச் சூத்திரம் 30ஆம் நிரையில் தொடங்கி 49 வரை போகாமல் 44இல் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அந்தப் பிழையை அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தங்கள் முடிவின் சாரம் மாறாது என்றார்கள். கணக்கிட்ட முறை பற்றிய வேறு வாதங்களும் இருந்தன. ஆனாலும் ஒரு மாணவர் திறந்து பார்க்கும்வரை அந்த ஐந்து நாடுகள் வெளியே நின்றது உண்மை.

இயந்திரம் சரியாகத்தான் கூட்டுகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்க என்பதை நாம்தான் சொல்கிறோம். இப்போது 'சம்' போட்டதும் அதே கட்டங்களுக்கு 'கவுன்ட்' சூத்திரமும் போடுகிறேன். அது காட்டும் எண்ணிக்கையும் பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் அனுப்புவேன்.

பழைய குறுக்குக் கூட்டல்தான். புதிதாகக் கற்கும் நண்பர்களே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.