'விகடகவி' ஏன் தோற்றது? நிரல் பழகும் மாணவர் கேட்கும் கேள்விகளும் அவற்றின் வரலாறும்



கிள்ளானில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. படிவம் 3 மாணவர்களுக்குப் பைதான் பயிற்சி. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல், எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் பயிற்சிதான். மலாய் மொழியில் தவளைக்குரிய 'காத்தாக்' என்ற சொல்லை உரோமன் எழுத்தில் தட்டினார்கள். 'ட்ரூ' என்று வந்தது. ஆங்கிலத்தில் 'லெவல்' தட்டினார்கள், அதுவும் 'ட்ரூ'. பின்வரிசையில் ஒரு மாணவி, தமிழ் வகுப்பில் படித்த ஞாபகத்தில் 'விகடகவி' என்று தட்டினாள். 'ஃபால்ஸ்' என்று வந்தது.

"சார், மலாய் சரி, இங்கிலீஷ் சரி, தமிழ் மட்டும் தப்பா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடலாம். நானும் பல வருடம் அப்படிப் போனவன்தான். ஆனால் தொடக்கநிலை மாணவர் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவற்றில் பலவற்றுக்கு விடை தர்க்கத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு அது. விகடகவி கேள்வியும் அப்படித்தான். அதற்குப் போகும் முன், வகுப்பில் அதற்கு முன்னால் வரும் நான்கு கேள்விகளைப் பார்த்துவிடுவோம். (நிரல் கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.)

1. "ஸ்கிரிப்ட்னா நாடகம்தானே சார்?"

ஆமாம், பெயர் அங்கிருந்துதான் வந்தது. நடிகர் கையில் உள்ள வசனத்தாளை வரிசையாகப் படித்து நடிப்பதுபோல, கணினி ஒரு கோப்பில் உள்ள கட்டளைகளை வரிசையாகப் படித்துச் செய்கிறது. 1970களில் யூனிக்ஸ் கணினிகளில் இந்தப் பழக்கம் வேரூன்றியது. ஒவ்வொரு நாளும் கையால் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அந்தக் கோப்பையே ஓட்டினார்கள். 1979இல் வெளிவந்த போர்ன் ஷெல் இதைப் பரவலாக்கியது. 1987இல் லாரி வால் பெர்ல் மொழியைத் தந்தார். 1991இல் கைடோ வான் ராசம் பைதானை வெளியிட்டார். 1995இல் ஒரே ஆண்டில் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ரூபி மூன்றும் வெளிவந்தன. இணையம் வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது; சின்னச் சின்ன வேலைகளை விரைவாகச் செய்ய எளிய மொழிகள் தேவைப்பட்டன.

நம் நாட்டில் 2017இல் கேஎஸ்எஸ்எம் பாடத்திட்டத்தோடு இடைநிலைப்பள்ளிக்கு அசாஸ் சாயின்ஸ் கொம்பியூட்டர் பாடம் வந்தது. எஸ்பிஎம் எழுதும் மாணவர்கள் படிவம் 5இல் பயனர் பக்க ஸ்கிரிப்ட், சேவையகப் பக்க ஸ்கிரிப்ட் என்று படிப்பது இந்த 1995ஆம் ஆண்டுப் பிள்ளைகளைத்தான்.

2. "ஒரு இடத்துல ஒரு சமக்குறி, இன்னொரு இடத்துல ரெண்டு. ஏன்?"

சமக்குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் அறிமுகப்படுத்தினார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறு எதுவும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நம் மாணவர் கணக்குப் பாடத்தில் படித்து வருவது இந்தப் பொருளைத்தான்.

1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை எடுத்து, 'இந்தப் பெட்டிக்குள் இந்த மதிப்பைப் போடு' என்ற கட்டளையாக மாற்றிவிட்டது. குழப்பம் வரும் என்று கண்ட அல்கால் மொழிக்காரர்கள், மதிப்பைப் போடுவதற்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த தனிக்குறியை வைத்தார்கள். ஆனால் கென் தாம்சன் உருவாக்கிய பி மொழியும், அதிலிருந்து பிறந்த சி மொழியும் வேறு வழியில் போயின. நிரலில் மதிப்பைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும். ஆகவே அதற்கு ஒரு குறி, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு குறி. பைதான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாமே சி மொழியின் வழியைப் பின்பற்றின.

ஆகவே மாணவர் கணக்குப் பழக்கத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டால், அவர் தவறாகச் சிந்திக்கவில்லை. 400 ஆண்டுப் பழைய பொருளில் எழுதுகிறார், அவ்வளவுதான்.

3. "முதல் ஆளுக்கு ஏன் பூஜ்யம்?"

நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் மின்தூக்கியைப் பாருங்கள். தரைத்தளத்துக்கு 'ஜி', அதற்கு மேல்தான் 1. அந்த எண் 'எத்தனையாவது தளம்' என்பதைச் சொல்லவில்லை, 'தரையிலிருந்து எத்தனை தளம் ஏற வேண்டும்' என்பதைச் சொல்கிறது. பட்டியலில் உள்ள பூஜ்யமும் அதே பொருள்தான்: தொடக்கத்திலிருந்து எத்தனை அடி நகர வேண்டும்? முதல் ஆளைப் பார்க்க நகரவே வேண்டாம்.

ஃபோர்ட்ரான் 1இலிருந்துதான் எண்ணியது. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணியது. சி மொழிக்கு அது மூதாதை. 1982இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எண்ணுதல் ஏன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பே எழுதினார்.

4. "இடம் விட்டு எழுதலைனா திட்டுது. அண்ணனோட பழைய புக்ல உள்ளதைப் போட்டாலும் திட்டுது!"

இரண்டுக்கும் பைதானின் வரலாற்றில் விடை இருக்கிறது. கைடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில் ஏபிசி என்ற கற்பித்தல் மொழியின் குழுவில் வேலை பார்த்தவர். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே நிரலின் அமைப்பைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த மொழியில் இருந்தது. 1989 டிசம்பர் விடுமுறையில் பைதானை எழுதத் தொடங்கியபோது அதை எடுத்துக்கொண்டார். மாணவர் எழுதும் நிரல் பார்வைக்கும் ஒழுங்காக இருக்கட்டும் என்ற ஆசிரியத்தனம் இதில் இருக்கிறது.

பழைய புத்தகத்தின் கதை வேறு. 2008 டிசம்பரில் வந்த பைதான் 3, முந்தைய பதிப்போடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே வெளியிடப்பட்டது. 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. அடைப்புக்குறிதான் எல்லார் கண்ணிலும் படும் மாற்றம். ஆனால் பெரிய மாற்றம் உள்ளே இருந்தது: இனி எழுத்து வேறு, பைட் வேறு. சரங்கள் எல்லாம் யூனிகோட். பைதான் 2க்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. இந்த உள்மாற்றம்தான் நம்மை விகடகவியிடம் கொண்டு வருகிறது.

5. "தமிழ் மட்டும் தப்பா?"

வகுப்பில் 'லென்' கட்டளையைப் போட்டு, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டோம். த, மி, ழ்: நம் இலக்கணப்படி 3 எழுத்து. பைதான் 3 சொன்ன விடை 5. பிஎச்பியின் 'எஸ்டிஆர்லென்' கட்டளையிடம் கேட்டால் 15 வரும்.

மூன்று விடையும் ஒருவகையில் உண்மைதான். எண்ணப்படும் பொருள்தான் வேறு. 15 என்பது பைட். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. 5 என்பது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி.

புள்ளி ஏன் தனியாக நிற்கிறது? 1980களில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இஸ்கி என்ற குறிமுறை உருவானது. தேவநாகரி முதல் தமிழ் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம்: அகரம் ஏறிய மெய் அடிப்படை, மற்ற உயிர்களுக்கு ஒட்டுக்குறி, அகரத்தை நீக்க ஒரு குறி. இஸ்கியின் 1988 வடிவத்தை ஒட்டியே 1991இல் யூனிகோட் தன் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடைக்கவில்லை.

தமிழாசிரியர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியத்தின் வழியில் புள்ளி பெற்ற மெய்யே அடிப்படை. 'க்'கோடு 'அ' சேர்ந்தால் 'க'. கணினியில் இது தலைகீழ்: 'க'தான் அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் 'க்'. நாம் கூட்டல் என்று கற்பிப்பதைக் கணினி கழித்தலாக வைத்திருக்கிறது.

இப்போது விகடகவிக்கு வருவோம். நமக்கு 5 எழுத்து. பைதானுக்கு 7 குறி: வ, கொம்பு, க, ட, க, வ, கொம்பு. திருப்பினால் கொம்பு முன்னால் வந்து அனாதையாக நிற்கும். மற்றது 'வகடகிவ' என்று ஆகிவிடும். தோற்றது விகடகவி மட்டுமல்ல. மாமா, பாப்பா, தாத்தா எல்லாருமே இந்தப் பயிற்சியில் தோற்பார்கள். மாலைமாற்று என்று இதற்கு ஒரு செய்யுள் வகையே வைத்திருக்கும் மொழி நம்முடையது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். அந்த மொழிக்கு இந்த நிலை!

இன்னொரு பொறியும் உண்டு. 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக்குறியை ஒரே குறியாக வைத்து, அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 'கோலாலம்பூர்' என்று இரண்டு விதமாகத் தட்டி ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்' வரும். முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

தமிழர்கள் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதில் மலேசியாவுக்கும் பங்குண்டு. ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980களிலேயே இங்கே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மென்பொருளும் தனிக் குறிமுறை வைத்திருந்ததால், ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாத காலம் அது. அதைத் தீர்க்க 1990களின் இறுதியில் தஸ்கி குறிமுறை உருவானபோது, பல நாட்டுத் தமிழர்களோடு அவரும் உழைத்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து பொது விசைப்பலகை கிடைத்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது; 2013இல் மீண்டும், மலாயாப் பல்கலைக்கழகத்தில். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றதோடு, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையையும் மாற்றாக ஏற்றது. ஆனால் உலகம் முழுவதும் ஓடுவது யூனிகோட்தான். ஆகவே சட்டகத்தை மாற்றுவதைவிட, அதன்மேல் தமிழுக்கான கருவி செய்வதே நடைமுறை வழியாயிற்று.

அந்தக் கருவிகள் இன்று இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்பது பைதானுக்கான இலவசத் தொகுப்பு. அதன் 'கெட்_லெட்டர்ஸ்' கட்டளை 'தமிழ்' என்ற சொல்லை த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். அந்தப் பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவி வென்றுவிடும். பிஎச்பியில் 'கிராஃபீம்_எஸ்டிஆர்லென்' கட்டளையும் 3 என்றே சொல்லும்.

அன்று வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் இதைச் செய்து பார்த்தோம். 'ட்ரூ' வந்ததும் அந்த மாணவி, "அப்போ தமிழ் தப்பு இல்ல, எண்ணுன விதம்தான் தப்பு" என்றாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

ஒரு கூடுதல் கேள்வி: "இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சாதான் முடியுமா?"

கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான்; ஆனால் அவை மிகக் குறைவு, பழகிவிடும். பைதான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்: மதிப்பெண் = 80 என்று எழுதினால் ஓடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியோ முழுக்கத் தமிழ்ச் சொற்களில் இயங்குகிறது. அதைப் பற்றிய கட்டுரைகள் 2009இலும் 2013இலும் வந்தன. அதில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். நிபந்தனையை முதலில் எழுதி, 'ஆனால்' என்ற சொல்லைப் பின்னால் போட வேண்டும். நாம் பேசும் வரிசை அது. எழில் மொழியின் அடியில் ஓடுவதும் பைதான்தான். தேர்வுக்கு எழில் வராது. ஆனால் நிரலாக்கம் என்பது ஆங்கிலம் அல்ல, சிந்தனை வரிசை என்பதை ஒரே பாடவேளையில் காட்டிவிடலாம்.

வகுப்பில் செய்து பார்க்க

• 'மலேசியா', 'கிள்ளான்' ஆகிய சொற்களை முதலில் கையால் எண்ணுங்கள்: இரண்டும் 4 எழுத்து. பிறகு 'லென்' போட்டுப் பாருங்கள்: 7, 8 என்று வரும். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று மாணவரே குறிகளைப் பிரித்து எழுதட்டும்.
• மாணவர் தத்தம் பெயரைத் திருப்பிப் பார்க்கட்டும். எந்தக் குறி எங்கே போய் ஒட்டியது என்று விளக்கட்டும்.
• தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து எடுக்கக்கூடிய பாடம் இது. உயிர்மெய் பற்றித் தமிழாசிரியர் பேசட்டும், குறிமுறை பற்றிக் கணினி ஆசிரியர் பேசட்டும்.

தேர்வு மாணவர்கள் நினைவில் வைக்க

1557 – சமக்குறி
1957 – ஃபோர்ட்ரான்
1979 – போர்ன் ஷெல்
1991 – பைதான் வெளியீடு. யூனிகோட் முதல் பதிப்பு
1992 – யுடிஎஃப்-8
1995 – ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ரூபி
1999 – தமிழ்நெட் 99
2008 – பைதான் 3

ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை "ஏன் இப்படி வருது?" என்று கேட்டால், உடனே விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வகுப்பிற்குள் விடையைத் தேடிவிடலாம்.