எரித்துத் தீர்த்த கற்கரி: ஜாரியாவின் கதை

எங்கட உடப்பில தணல் என்றால் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புதான் ஞாபகம் வரும். நிலக்கரி என்றால் வடக்கே நுரைச்சோலை. 2011இலிருந்து அங்கே அனல்மின் நிலையம் ஓடுது. கப்பலில வருகிற கரியைத் தூளாக்கி எரிப்பார்கள்; மிஞ்சுவது சாம்பல். நிலக்கரி என்றாலே எரிக்கிற சாமான் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இந்தியாவின் ஜாரியா பற்றி வாசித்தபிறகு அந்த எண்ணம் மாறியது.

சில வகை நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், முதலில் இளகி, பிறகு இறுகி, துளைகள் நிறைந்த கட்டியாகும். அதுதான் கற்கரி. இரும்பு உலையில அது வெறும் எரிபொருள் இல்லை. மேலே குவிகிற தாதின் பாரத்தைத் தாங்கவேணும், வாயு மேலேற வழியும் விடவேணும். 1709இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி கற்கரியால் இரும்பு உருக்கினார். அதன்பிறகு மரக்கரியின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்தது.

இந்தியாவில் அப்படி நன்றாக இளகுகிற கரி முக்கியமாகக் கிடைப்பது இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிற ஜாரியாவில்தான். அதை என்ன செய்தார்கள் தெரியுமா? பெருமளவைப் புகையிரத எஞ்சினில் போட்டு எரித்தார்கள்! சாதாரணக் கரியிலேயே ஓடக்கூடிய எஞ்சின் அது. தனியார் சுரங்கங்களோ இலகுவாக எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கைவிட்டன. 1916இலேயே நிலத்துக்கடியில் தீப்பிடித்தது கண்டுபிடிக்கப்பட்டது. உலோகத் தொழிலுக்கான கரியைப் பாதுகாக்கச் சட்டம் வந்ததோ 1952இல்தான். சுரங்கங்கள் அரசுடைமையாக இன்னும் 20 வருசம் எடுத்தது.

கைவசம் இருந்த கரியில சாம்பல் அதிகம். அதனால கழுவத் தொடங்கினார்கள். 1951இல் மேற்கு பொக்காரோவில் கழுவும் ஆலை வந்தது. அடர்த்தியான திரவத்தில் போட்டால் கரி மிதக்கும், கல் தாழும். அடுத்தது கலப்பு. நன்றாக இளகுவது, சுமாராக இளகுவது, அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிற சாம்பல் குறைந்தது எல்லாவற்றையும் நொறுக்கி, அளவு பார்த்துச் சேர்ப்பார்கள். ஜாம்ஷெட்பூரில் அந்தக் கலவையை இடித்து இறுக்கியே அடுப்பில் ஏற்றுகிறார்கள். நெருங்கி இருந்தால் சுமாரான கரியும் ஒட்டிக்கொள்ளும்.

இது கெட்டித்தனம்தான், மறுக்கேல்ல. ஆனால் நல்லதை வீணாக்கின பிறகு வந்த கெட்டித்தனம். அதற்கான விலையை ஆலைகள் மட்டும் கொடுக்கவில்லை. எங்கட தீமிதிப்புத் தணல் அடுத்த நாளே ஆறிப்போகும். ஜாரியாச் சனங்களின் காலுக்குக் கீழே நூறு வருசம் தாண்டியும் எரிந்துகொண்டிருக்கிறது. வீடு வெடித்து, நிலம் தாழ்ந்து, ஊரைவிட்டு எழும்பவேண்டியவர்கள் அவர்கள்தான்.