அடுப்பிலும் வயிற்றிலும் ஒரே தீ



ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ காய்ந்த விறகு. இரண்டில் எதில் சூடு அதிகம்? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பத்தைக் கிலோ கலோரி என்கிறோம். அந்தக் கணக்கில் அரிசிக்குச் சுமார் 3,450, விறகுக்குச் சுமார் 4,000. கிட்டத்தட்ட சரிக்குச் சரி! கடலை எண்ணெய் 9,000, மண்ணெண்ணெய் 10,000-க்குச் சற்று மேல். அதுவும் பங்காளிக் கணக்குத்தான்.

இந்த உறவை முதலில் அளந்து பார்த்தவர்கள் பிரான்சு நாட்டு லவாய்சியரும் லாப்லாசும். 1783-ஐ ஒட்டிய குளிர்காலத்தில், எலியைவிடப் பெரிய கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் பத்து மணி நேரம் வைத்து, உருகிய நீரை நிறுத்தார்கள். அது மூச்சில் விட்ட கரியமில வாயு எவ்வளவோ, அவ்வளவு வாயு வரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்றும் பார்த்தார்கள். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போச்சு. மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதுதான் என்று தெரிந்தது.

நம் கம்பு, கேழ்வரகின் கணக்கும் நம் மாநிலத்திலேயே எடுக்கப்பட்டது. நீலகிரி குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து டாக்டர் அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்தக் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

சரி, விறகிலும் அத்தனை சூடு இருக்கே, ஏன் தின்ன முடியலே? நம் வயிற்றால் நாரை உடைக்க முடியாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வைக்கோல் நாரை உடைக்கும். உடைத்ததுபோக மிச்சச் சூடு சாணத்தில் வெளியே வருது. அதை வறட்டி தட்டி எரிக்கிறோமே, அங்கேதான் நஷ்டம்.

1939-இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்துக் காட்டினார். 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் மூடி வைத்த கலனை உருவாக்க, கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1984-இல் இரும்பு மூடி வேண்டாத தீனபந்து கலன் வந்தது.

25 கிலோ பச்சைச் சாணம் காய்ந்தால் சுமார் 5 கிலோ வறட்டி. அதில் சுமார் 10,000 கிலோ கலோரி உண்டு. மண் அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். மீதி புகையும் அனலுமாகப் போகுது. புகை என்பது முழுசா எரியாத விறகு. ஊதுகிறவர் நெஞ்சுக்கும் கெடுதல். அதே சாணத்தைக் கலனில் கரைத்தால் ஒரு கனமீட்டர் வாயு, சுமார் 4,700 கிலோ கலோரிதான். ஆனால் பாதிக்கு மேல் பாத்திரத்துக்கு வந்து சேரும். தழைச்சத்தும் கழிவிலேயே நிற்கும். வறட்டியில் அது புகையோடு போயிருக்கும்.

சின்னமனூர் அடிவாரத்தில் இன்று சிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீருக்கு விறகு தேடுகிற வீடுகள் உண்டு. அந்த விறகு வரும் மலையில்தான் வைகைக்கு நீர் ஊறுகிறது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது.

கலன் போடுகிறவர்கள் கழிவை வெயிலில் காயவிடாதீர்கள், தழைச்சத்து பறந்துவிடும். பாசன நீரோடு விடலாம், குப்பைக் குழியிலும் சேர்க்கலாம். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தப்படும், மலைமேல் வாயு குறையும். கீழே பள்ளத்தாக்கு வெயிலுக்கு அந்தக் கவலை குறைவு. மார்கழியில் மட்டும் வெதுவெதுப்பான நீரில் சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள்.