நத்தை ஓடு சொல்லும் பழங்கால மழைக் கணக்கு

கண்மாயில் வண்டல் அள்ளும்போதும், பண்ணைக்குட்டை வெட்டும்போதும், கிணறு ஆழப்படுத்தும்போதும் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறிவிடும். ஆனால் ஓரிடத்தில் எத்தனை காலம் தண்ணீர் நின்றது, எப்போது மழை குறைந்தது என்பதை அறிய ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகும் சான்றுகளில் இந்த ஓடும் ஒன்று. அதைப் படிக்கும் முறையையும், உங்கள் நிலத்தில் அப்படி ஓர் அடுக்கு வந்தால் செய்ய வேண்டியதையும் இங்கே பார்ப்போம்.

ஓடு ஏன் மண்ணில் நிலைக்கிறது?

நத்தையின் உடல் சில நாட்களில் மட்கிவிடும். ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. காரத்தன்மை உள்ள மண்ணிலும், காற்றுப் புகாத சேற்றிலும் அது பல ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். அமிலத்தன்மை உள்ள மண்ணில் கரைந்துவிடும். எனவே ஒரு மண்ணில் ஓடு இல்லை என்பதற்காக அங்கே நத்தையே இருந்ததில்லை என்று முடிவு கட்டக் கூடாது. நீலகிரி போன்ற மலைப்பகுதி அமில மண்ணில் பழைய ஓடுகளை எதிர்பார்க்க முடியாது.

எந்த நத்தை, எந்தச் சூழல்?

நத்தை வெகுதூரம் போகாது. தனக்கு ஏற்ற ஈரமும் உணவும் உள்ள இடத்திலேயே வாழ்ந்து மடியும். அதனால் ஓட்டின் வகையைப் பார்த்தே அந்த இடத்தின் பழைய நிலையை ஊகிக்கலாம்.

• நீண்டு கூம்பிய திருகு ஓடு: மெலனாய்டஸ் என்ற நன்னீர் நத்தை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இன்றும் உள்ளது. இது நிறையக் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் நின்ற இடம் எனக் கொள்ளலாம். ஓரளவு உப்புத் தண்ணீரையும் இது தாங்கும்.
• தட்டையாகச் சுருண்ட ஓடு: இண்டோபிளானார்பிஸ் போன்ற நத்தைகள். குளம் வற்றினாலும் சேற்றுக்குள் சில மாதம் தாக்குப்பிடிக்கும். இவை மட்டும் இருந்தால் பருவத்துக்குப் பருவம் நிரம்பி வற்றிய குட்டையாக இருக்கலாம்.
• இரட்டை ஓடுள்ள மட்டி: பெரிய மட்டிகள் நிறைய இருந்தால் நீடித்து நின்ற அல்லது ஓடிய நீர் இருந்ததற்கு நல்ல அடையாளம்.
• மெல்லிய, உருண்டையான தரை நத்தை ஓடு: புல், புதர், மரநிழல் உள்ள நிலம்.

ஓர் ஓட்டை வைத்து முடிவு செய்வதில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் மண்ணைச் சலித்து, வகைவாரியாக எண்ணி, கீழிருந்து மேலே வரும்போது எந்த வகை கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கிறார்கள். குஞ்சும் பெரியதும் கலந்து, விளிம்பு உடையாமல் கிடந்தால் அவை அங்கேயே வாழ்ந்தவை. ஒரே அளவில், தேய்ந்து உடைந்து கிடந்தால் வெள்ளம் அடித்து வந்தவையாக இருக்கலாம்.

சீனாவின் வடபகுதியில் காற்று கொண்டு வந்து படிவித்த மண் பல இடங்களில் நூறு மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு நிற்கிறது. அதன் அடியில் உள்ள அடுக்குகள் சுமார் 26 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. அங்கே குளிரும் வறட்சியும் தாங்கும் தரை நத்தைகள் ஓர் அடுக்கிலும், வெப்பமும் ஈரமும் விரும்பும் நத்தைகள் வேறோர் அடுக்கிலும் மாறி மாறி வருகின்றன. பருவமழை வலுத்ததும் தளர்ந்ததும் அந்த வரிசையில் தெரிகிறது.

ஓட்டுக்குள் இருக்கும் கணக்கு

நத்தை தான் வாழும் தண்ணீரில் இருந்துதான் ஓட்டைக் கட்டுகிறது. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் எடை குறைந்தது, எடை கூடியது என வகைகள் உண்டு. கனமான வகை ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்குதான். வெயிலில் குளத்து நீர் ஆவியாகும்போது இலேசான வகை முந்திக்கொண்டு போகும். கனமானது குளத்தில் தங்கும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் மிச்சத் தண்ணீர் கரிப்பது போல, வற்றும் ஏரியில் கனமான ஆக்சிஜனின் விகிதம் ஏறும். அந்த விகிதம் ஓட்டிலும் பதிவாகும். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால் விகிதம் இறங்கும். ஓட்டைத் தூளாக்கி ஆய்வுக் கருவியில் அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். வெப்பநிலையும் மழைநீரின் தன்மையும் இந்த விகிதத்தை மாற்றும் என்பதால் மற்றச் சான்றுகளோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஹரியானா ஏரி காட்டிய வறட்சி

ஹரியானா மாநிலத்தில் கோட்லா தாஹர் என்ற பழைய ஏரிப் படுகை உள்ளது. அதன் வண்டல் அடுக்குகளில் கிடைத்த நத்தை ஓடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் ஆய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டனர். கடந்த 6500 ஆண்டுகளின் பருவமழை ஏற்ற இறக்கம் அதில் தெரிந்தது. சுமார் 4100 ஆண்டுகளுக்கு முன் உருவான ஓடுகளில் கனமான ஆக்சிஜனின் விகிதம் ஆயிரத்துக்கு 4 என்ற அளவில் திடீரென ஏறியிருந்தது. தென்மேற்குப் பருவமழை தளர்ந்து, வரத்தைவிட ஆவியாதல் மிஞ்சியது என்பதே இதன் பொருள்.

சிந்துவெளி நகரங்கள் தேயத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். மழை குறைந்தது மட்டுமே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லவில்லை. காலக் கணிப்பில் முன்பின் இருக்கலாம், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே சொல்கிறார்கள். நகரங்கள் சுருங்கிய பிறகும் கிராமங்களில் சாகுபடி நின்றுவிடவில்லை. அந்த வட்டாரத்துச் சிந்துவெளிக் கிராமங்களில் நடந்த அகழாய்வுகளில் கோதுமை, வாற்கோதுமையுடன் சிறுதானியங்களும் பயறு வகைகளும் கிடைத்துள்ளன. ஒரே பயிரை நம்பாமல் இரு பருவத்திலும் பல பயிர் செய்தவர்கள் அவர்கள். மழை பொய்த்தாலும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வந்துசேரும் ஏற்பாடு அது. மானாவாரி விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வயதைக் கணிப்பதில் கவனம்

ஓட்டின் வயதைக் கதிரியக்கக் கரிமம் கொண்டு சுமார் 50,000 ஆண்டுகள் வரை கணிக்கலாம். ஆனால் தரை நத்தை சுண்ணாம்புக்கல்லை அரித்துத் தின்னும். கல்லில் உள்ள மிகப் பழைய கரிமம் ஓட்டில் சேர்ந்து, உண்மையைவிடக் கூடுதல் வயதைக் காட்டிவிடும். சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் நீர் நத்தையிலும் இதே சிக்கல் உண்டு. அதனால் அதே அடுக்கில் உள்ள கரித்துண்டு, விதை ஆகியவற்றின் வயதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வாழை, பப்பாளித் தோட்டங்களைச் சேதப்படுத்தும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை நம் நாட்டுக்கு வந்தது 1847-ல், கொல்கத்தா வழியாக. எனவே அதன் ஓடு கிடக்கும் அடுக்கு அதற்குப் பிற்பட்டது. அல்லது பிற்காலத்தில் கிளறப்பட்டது.

உங்கள் நிலத்தில் ஓட்டு அடுக்கு தென்பட்டால்

1. தோண்டிப் போட்ட குவியலில் பொறுக்காதீர்கள். வெட்டிய பக்கச் சுவரைப் பாருங்கள். எந்த ஆழத்தில், எத்தனை விரற்கடைப் பருமனில் அடுக்கு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கு வரிசை கலைந்தால் ஓட்டின் மதிப்பும் போய்விடும்.
2. அளவு தெரிய ஒரு அடிக்கோலை வைத்துப் புகைப்படம் எடுங்கள். தேதி, சர்வே எண் எழுதி வையுங்கள்.
3. ஓட்டைக் கழுவாமல், சுற்றியுள்ள மண்ணோடு கைப்பிடி அளவு எடுத்து, அடுக்குக்கு ஒரு பை எனத் தனித்தனியாகக் கட்டுங்கள்.
4. பானை ஓடு, எலும்பு, மணி ஆகியவை கூட வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள்.
5. சரியக்கூடிய கிணற்றுச் சுவர், ஆழக் குழி ஆகியவற்றில் ஓட்டுக்காக இறங்க வேண்டாம்.

சாகுபடிக்கு இதில் உள்ள செய்தி

ஓடு நிறைந்த வண்டல் பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்தது. சிறிது மண்ணில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளது. இந்த வண்டலை மண் பரிசோதனை செய்யாமல் வயலுக்கு அடிக்க வேண்டாம். காரத்தன்மை கூடினால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாது. நிலக்கடலையிலும் கரும்பிலும் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி வெளுத்துப் போவது இரும்புக் குறையின் அடையாளம். நிலக்கடலையில் இது தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இலைவழியாகத் தெளிக்கலாம். ஏற்கெனவே அமிலத்தன்மை உள்ள செம்மண் நிலத்துக்கு இதே வண்டல் நன்மை செய்யக்கூடும். எவ்வளவு இடலாம் என்பதைப் பரிசோதனை முடிவு சொல்லும்.

அடுத்து, மேட்டு நிலத்தில் நீர் நத்தை ஓடு அடுக்காகக் கிடந்தால், அது ஒரு காலத்தில் தண்ணீர் தங்கிய பள்ளமாகவோ பழைய ஓடைப் பாதையாகவோ இருந்திருக்கலாம். பெருமழையில் தண்ணீர் மறுபடி அந்த வழியைத் தேடக்கூடும். வீடு, கொட்டகை, மோட்டார் அறை கட்ட இடம் பார்க்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மண் மாதிரியை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். ஓட்டு அடுக்கின் படத்தையும் ஆழக் குறிப்பையும் அருகில் உள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ காட்டுங்கள். தூர்வாரும் வேலை தொடங்கும் முன்பே பொக்லைன் ஓட்டுநரிடம் சொல்லி வைத்தால், அடுக்கு தெரிந்ததும் பத்து நிமிடம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்.