வெப்பப் பம்பியும் பொது நீச்சல் தடாகமும்: ஒரு தெரிவின் வரலாறு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர், எந்த ஆண்டில், எதனைக் கண்டுபிடித்தார் என்பதோடு அது நின்றுவிடுகின்றது. ஆயின், ஒரு பொறி கண்டுபிடிக்கப்படுவது வேறு. ஒரு சமுதாயம் அதனைத் தேர்ந்து தன் பயன்பாட்டுக்குக் கொள்வது வேறு. இவ்விரண்டுக்குமிடையே சில வேளைகளில் மூன்று தலைமுறைகள்கூடக் கழிந்துவிடுகின்றன. இவ்விடைவெளியின் காரணங்களை ஆராய்வதற்கு வெப்பப் பம்பி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். குளிர்நாடுகளின் பொது நீச்சல் தடாகங்களுக்கு அது தெரிவுசெய்யப்பட்ட வரலாற்றை நோக்கின், இன்று அத்தகைய பொறியைத் தெரிவுசெய்வோர் எவ்வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பதும் புலனாகும்.

வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே பாயும். எதிர்த்திசையிற் செல்வதற்கு வேலை செய்யப்படல் வேண்டும். நம் இல்லங்களிலுள்ள குளிர்சாதனப் பெட்டி செய்வது இதனையே. பெட்டியின் உள்ளிருந்து வெப்பத்தை எடுத்துப் பின்புறக் குழாய்களின் வழியே அறைக்குள் விடுகின்றது. பெட்டியின் உட்புறத்துக்குப் பதிலாக ஓர் ஆற்றையும், அறைக்குப் பதிலாக ஒரு நீச்சல் தடாகத்தையும் கருதிக்கொண்டால் அதுவே வெப்பப் பம்பி. திரவமொன்று தாழ்ந்த வெப்பநிலையில் ஆவியாகி ஆற்றுநீரின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அமுக்கி அவ்வாவியை அமுக்கி அதன் வெப்பநிலையை உயர்த்துகின்றது. அது மீண்டும் ஒடுங்கித் திரவமாகும்போது அவ்வெப்பம் தடாகத்து நீரைச் சேர்கின்றது. அமுக்கியை இயக்கச் செலவாகும் சக்தியிலும் பார்க்கப் பன்மடங்கு வெப்பம் கிடைப்பதே இதன் சிறப்பாகும்.

இதன் கோட்பாடு புதியதன்று. 1824 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ வெப்பப் பொறிகள் பற்றிய தம் நூலில் இதற்கு அடித்தளமிட்டார். 1852 இல், பின்னர் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன், கட்டிடங்களை இம்முறையால் வெப்பமூட்டவும் குளிரச் செய்யவும் முடியும் எனக் காட்டினார். ஒசுத்திரிய நாட்டின் எபன்சே உப்பளத்தில் பீற்றர் வொன் றிற்றிங்கர் 1850களின் நடுப்பகுதியில் நீர்விசையால் ஆவியை அமுக்கி உப்புநீரைக் காய்ச்ச முயன்றார். விறகுச் செலவைக் குறைப்பதே அவர் நோக்கம். 1877 இல் சுவிற்சர்லாந்தின் பெக்ஸ் உப்பளத்தில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. எனினும் கட்டிடங்களையோ தடாகங்களையோ பொறுத்தவரை தொம்சனின் கருத்து நெடுங்காலம் ஏட்டிலேயே உறங்கிற்று.

இவ்வுறக்கத்துக்குக் காரணம் அறியாமையன்று, பொருளாதாரமே. தொம்சன் வாழ்ந்த பிரித்தானியாவில் நிலக்கரி மலிந்திருந்தது. அக்கால நீராவி எந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் மிகச் சிறிய பகுதியையே வேலையாக மாற்றியது. அவ்வேலையைக் கொண்டு வெப்பத்தைப் பன்மடங்காக்கினும், இறுதியிற் கிடைப்பது அந்நிலக்கரியை நேரே அடுப்பிலிட்டாற் கிடைப்பதைப் பெரிதும் விஞ்சாது. ஆகவே எரிபொருளின்றி இயங்கும் விசை மலிவாகக் கிடைக்கும் இடத்திலேயே இப்பொறி வேர்கொள்ள முடியும்.

அத்தகைய இடம் சுவிற்சர்லாந்து. அந்நாடு தன் நிலக்கரித் தேவைக்குப் பிறநாடுகளையே நம்பியிருந்தது. மலைகளும் ஆறுகளும் ஏரிகளும் அதற்குண்டு; அவற்றால் நீர்மின்சாரமும் உண்டு. முதலாம் உலகப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாடு அந்நாட்டுப் புகையிரதப் பாதைகளை மின்மயமாக்கும் பணியைத் துரிதப்படுத்தியது. அதே அனுபவமே வெப்பமூட்டலிலும் தொழிற்பட்டது எனலாம். 1938 அளவில் சூரிச் நகர மண்டபத்தில் எஷர் வைஸ் நிறுவனத்தின் வெப்பப் பம்பி நிறுவப்பட்டது. அம்மண்டபம் 1698 இல் கட்டிமுடிக்கப்பட்டது. லிமத் ஆற்றின் மீதே அமைந்தது. அவ்வாற்று நீரிலிருந்து வெப்பத்தைப் பெற்று, ஏறக்குறைய 100 கிலோவாற்று அளவில், 60 பாகை செல்சியசு நீரை அப்பொறி வழங்கியது. அடுத்து இரண்டாம் உலகப் போர் மூண்டது, நிலக்கரி அருகியது. போரின் நடுவே, 1941 இல், ஹேர்மன் ஹேர்ற்றர் என்னும் கட்டிடக் கலைஞர் வடிவமைத்த உள்ளரங்க நீச்சல் தடாகம் சூரிச்சில் திறக்கப்பட்டது. அதற்கும் வெப்பப் பம்பியே தெரிவுசெய்யப்பட்டது. 1938 முதல் 1945 வரை அந்நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட வெப்பப் பம்பிகள் நிறுவப்பட்டன என்பது நோக்கற்பாலது.

நகர மண்டபத்திலும் பார்க்க நீச்சல் தடாகத்துக்கே இப்பொறி பொருத்தமுடையது என்பதைக் கார்னோவின் கோட்பாடே காட்டும். பெறக்கூடிய உச்ச விகிதம், உயர்ந்த வெப்பநிலையை இரு வெப்பநிலைகளின் வித்தியாசத்தால் வகுக்க வருவதாகும்; இங்கு வெப்பநிலை கெல்வின் அளவிடையிற் கொள்ளப்படும். 5 பாகை ஆற்றுநீரிலிருந்து 60 பாகைக்கு உயர்த்தினால் 333 ஐ 55 ஆல் வகுக்க ஏறக்குறைய 6 வரும். தடாகத்து நீருக்கு வேண்டியது 27 அல்லது 28 பாகையே. வெப்பத்தை 35 பாகையில் வழங்கினாற் போதுமெனக் கொண்டால், 308 ஐ 30 ஆல் வகுக்க 10 க்கு மேல் வரும். நடைமுறையில் இதன் அரைப்பங்களவே கிட்டுமெனக் கொள்ளினும், முன்னதில் ஓர் அலகு மின்சாரத்துக்கு 3 அலகு வெப்பமும் பின்னதில் 5 அலகும் கிடைக்கும். ஆகவே தெரிவுசெய்வோர் எழுப்பவேண்டிய முதல் வினா, பொறி எது என்பதன்று. வெப்பம் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு உயரத்துக்கு ஏற்றப்படல் வேண்டும் என்பதே.

இரண்டாவது வினா அளவு பற்றியது. இதற்குரிய பாடத்தைப் பிரித்தானிய வரலாறு தருகின்றது. 1945 இல் நோறிச் நகரின் மின்பொறியியலாளர் ஜோன் சம்னர், ஆற்றுநீரைக் கொண்டு நகரசபைக் கட்டிடங்களை வெப்பமூட்டினார். ஒரு பருவகாலம் முழுவதற்குமான அதன் விகிதம் 3.42 ஆக அமைந்தது. 1951 இல் இலண்டனில் திறக்கப்பட்ட றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலும் தேம்சு நதிநீரைப் பயன்கொண்ட பெரிய வெப்பப் பம்பி அமைக்கப்பட்டது. தொழினுட்பத்தில் அது வெற்றியே; ஆயின் அதன் ஆற்றல் மண்டபத்தின் மெய்யான தேவையை மிகவும் விஞ்சியிருந்தமையால் அது நிலைக்கவில்லை.

தடாகங்களிலும் இத்தவறு நேர்வதற்கு இடமுண்டு. 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி 1.6 மீற்றர் ஆழமும் உடைய தடாகம் 500 கனமீற்றர் நீர் கொள்ளும். அந்நீரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 580 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். 10 பாகையிலிருந்து 27 பாகைக்கு மூன்று நாளில் உயர்த்துவதாயின், இழப்புக்களை நீக்கியும் 137 கிலோவாற்று ஆற்றல் தேவை. ஆனால் இத்தேவை தடாகம் புதிதாக நிரப்பப்படும்போது மட்டுமே எழுவது. அதனை அளவுகோலாகக் கொண்டு பொறியை வாங்கினால், ஏனைய நாட்களில் அப்பொறி அடிக்கடி நின்று இயங்கித் தேய்வுறும். நாளாந்த இழப்புக்கேற்ற பொறியைத் தேர்ந்து, முதன்முறை சூடேற்றுவதற்குக் கூடிய நாட்களையோ துணைக் கொதிகலனையோ ஒதுக்குவதே அறிவுடைமை.

அந்நாளாந்த இழப்பின் பெரும்பகுதி ஆவியாதலால் விளைவது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,450 கிலோயூல் வெப்பத்தைத் தடாகத்திலிருந்து கொண்டுசெல்கின்றது. திறந்தவெளித் தடாகத்தை இரவில் மூடிவைத்தலே இதற்கு எளிய பரிகாரம். உள்ளரங்கிலோ அவ்வாவி சுவர்களிற் படிந்து கட்டிடத்தையே சிதைக்கும். முன்னர் ஈரக் காற்றை வெளியேற்றிப் புதிய காற்றைச் சூடாக்கினர். ஒடுங்கலால் வெளிப்படும் மறைவெப்பம் அதனால் வீணாயிற்று. காற்றின் ஈரத்தை நீக்கி அவ்வெப்பத்தை மீண்டும் நீருக்கும் காற்றுக்கும் ஊட்டும் வெப்பப் பம்பிகள் இவ்விழப்பையே வெப்பமூலமாக மாற்றின. ஆகவே உள்ளரங்கத் தடாகத்துக்குப் பொறி தெரிவுசெய்வோர் நீரை மட்டுமன்றிக் காற்றையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது வினா பொறியின் ஆயுள் பற்றியது. குளோரின் கலந்த நீர் செம்பை அரிக்கும்; ஆதலால் தடாகநீர் தொடும் வெப்பமாற்றிகளுக்குத் தைத்தானியம் விரும்பப்படுகின்றது. பொறியினுள்ளே சுற்றும் திரவமும் வரலாற்றின் தீர்ப்புக்கு உட்பட்டதே. சூரிச் மண்டபப் பொறியிற் பயன்பட்ட ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைப்பதென அறியப்பட்டது. 1987 இன் மொன்றியல் உடன்படிக்கை அவ்வகைத் திரவங்களின் முடிவைத் தொடக்கிவைத்தது. அவற்றின் இடத்துக்கு வந்த சில வளிமண்டலத்தை வெப்பமாக்குவன; புரொப்பேன் அக்குறையைப் பெரிதும் தவிர்ப்பினும் தீப்பற்றும் இயல்பினது. ஆதலின் இன்று வாங்கும் பொறியின் திரவம் அப்பொறியின் ஆயுள் முழுவதும் சட்டப்படி கிடைக்குமா என வினவுதல் இன்றியமையாதது.

போருக்குப் பின் எண்ணெய் மலிந்தபோது வெப்பப் பம்பி மீண்டும் பின்தள்ளப்பட்டது. 1973 இன் எண்ணெய் நெருக்கடி அதனை மீண்டும் நினைவூட்டியது. 2022 இல் எரிவாயு விலை ஏறியபோது ஜேர்மனியிற் பல பொதுத் தடாகங்கள் நீரின் வெப்பநிலையைக் குறைத்தன. பிரித்தானியாவில் தடாகங்கள் மூடப்படும் அபாயம் எழுந்தது. நட்டமடைந்தோர் சொந்தத் தடாகமுடைய செல்வர் அல்லர். நீந்தக் கற்கும் சிறுவரும், மூட்டுநோயால் நீரை நாடும் முதியவருமே. எரிபொருள் மலிந்த காலத்தில், வாங்கும் விலையை மட்டும் நோக்கிச் செய்யப்பட்ட தெரிவுகளின் சுமை பிற்காலத்தில் இவர்கள் மீது விழுந்தது.

சூரிச் நகர மண்டபத்துப் பொறி 2001 இலேயே புதியதொன்றால் மாற்றீடு செய்யப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது உழைத்தது. அக்காலத்தில் நிலக்கரி மலிந்தும் அருகியும், எண்ணெய் மலிந்தும் ஏறியும் போயின. மண்டபத்தின் கீழே லிமத் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. எரிபொருளின் அன்றைய விலையை அன்றி, அருகே ஓடும் நீரை நோக்கிச் செய்யப்பட்ட தெரிவு அது.