ஊவாத் தோட்டப்புறங்களில் வயர் கேமிங் மவுஸ்

கேமிங் மவுஸ், கணினி விளையாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்படும் சுட்டி. நுட்பமான உணரி, பல மில்லியன் அழுத்தங்களைத் தாங்கும் சுவிட்சுகள், பெருவிரல் படும் இடத்தில் மேலதிகப் பொத்தான்கள் ஆகியவை இதைச் சாதாரண மவுஸிலிருந்து வேறுபடுத்துகின்றன. வயர் வகைக்குப் பற்றரி இல்லை. மின்சாரமும் தரவும் யூ.எஸ்.பி. கேபிள் வழியே போகின்றன. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகரிலும் பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வீட்டில் ஒரு கணினி இருந்தால் கேம், பாடம், கடை வேலை எல்லாம் அதிலேயே நடக்கும். ஆகவே இதை விளையாட்டுச் சாமானாக மட்டும் பார்க்க முடியாது.

வரலாறு

டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழு 1964இல் மரக்கட்டையில் செய்த மவுஸ், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பொதுவெளியில் காட்டப்பட்டது. விளையாட்டுக்கென்றே வந்த, ரேசர் நிறுவனத்தின் பூம்ஸ்லாங் 1999இல் வெளியானது. அதற்குள் உருளும் பந்து இருந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் பந்தைக் கைவிட்டு ஒளி உணரிக்கு மாறியது. தூசு அடைத்த பந்தைக் கழற்றித் துடைக்கும் வேலை அதோடு ஒழிந்தது.

இயங்கும் முறை

மவுஸின் அடியிலுள்ள சிறு கமரா, மேசைப் பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள நகர்வைக் கணக்கிடுகிறது. மினுங்கும் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேசையில் கர்சர் துள்ளுவது இதனால்தான். கொப்பி மட்டை ஒன்றை அடியில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்பதே டி.பி.ஐ. பெட்டியில் 16,000 டி.பி.ஐ. என்று அச்சிடுவது விற்பனைக்காக. 1366 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க, 800 டி.பி.ஐ.யில் மவுஸை ஏறத்தாழ 1.7 அங்குலம் நகர்த்தினால் போதும். லயன் காம்பராவில் மேசையின் ஒரு மூலை மட்டும் கிடைப்பவருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. கவுண்டர்-ஸ்ட்ரைக், வலோரண்ட் போன்ற குறிபார்க்கும் கேம்களில் தேர்ந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக் கையை அகலமாக வீசி ஆடுவார்கள். அதற்கு மேசையில் இடம் வேண்டும்.

சாதாரண மவுஸ் 8 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கணினிக்குத் தகவல் சொல்கிறது. கேமிங் மவுஸ் 1 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. கேமை நடத்தும் சிங்கப்பூர் சேர்வருக்குப் போய்வரவே பல பத்து மில்லிசெக்கன்கள் எடுக்கும் இணைப்பில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும். ஒரே அறையில் கணினிகளை வயரால் இணைத்து ஆடும்போதுதான் அதற்குப் பெறுமதி உண்டு.

ஈரமும் மின்வெட்டும்

ஊவாவில் மவுஸுக்கு எமன் ஈரம். வடகீழ்ப் பருவமழை மாதங்களில், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கும் அப்புத்தளைப் பகுதியில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவிட்சுக்குள் இருப்பது மெல்லிய உலோகத் தகடு. அதன் தொடுமுனையில் ஒட்சைட்டு படிந்தால் ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாகும். தெரிவு செய்ய நினைத்த கோப்பு திறந்துகொள்ளும். இழுத்துக்கொண்டு போகும் படம் நடுவழியில் விழும். கேமில் ஒரு குண்டுக்குப் பதில் இரண்டு போகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தரும் வறண்ட காற்று வீசும் காலம், மின்பொருளுக்கும் நல்ல காலம். தொடுமுனையே இல்லாமல் ஒளிக்கற்றையை மறித்து வேலைசெய்யும் சுவிட்சுகளை ரேசர் 2019இல் மவுஸில் கொண்டுவந்தது. இந்தக் காலநிலைக்கு அவை பொருத்தம், விலைதான் இடிக்கும். பாரம் குறைக்க உடம்பெல்லாம் துளையிட்ட மவுஸ்களை இங்கே வாங்காமலிருப்பது நல்லது. எறும்புக்கு அது திறந்த வாசல்.

மின்வெட்டில் வயர் மவுஸின் அருமை தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை வயர் மவுஸ் ஓடும், யூ.எஸ்.பி. 2.0 தரும் 500 மில்லியம்பியரில் சிறு பங்கே அதற்குப் போதும். ரூபாயின் பெறுமதி சரிந்து இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறிய அந்த ஆண்டிலிருந்து, பழுதானதைத் திருத்திப் பாவிப்பதே கட்டுபடியாகும் வழி.

அன்றாடப் பாவனை

போட்டோக் கொப்பி, விண்ணப்பப் படிவம், கலியாணக் கார்ட் என்று ஓடும் கொமினிகேஷன் கடையில் பக்கப் பொத்தான்களுக்குக் கொப்பி, பேஸ்ட் கட்டளைகளைக் கொடுத்துவிட்டால் இடது கை விசைப்பலகையைத் தேட வேண்டியதில்லை. உள் நினைவகம் உள்ள மவுஸ் அமைப்புகளைத் தன்னிடமே வைத்திருக்கும். வேறு கணினியில் செருகினாலும் மாறாது. நீண்ட நேரம் வேலை செய்பவருக்கு இவற்றையெல்லாம் விட, உள்ளங்கைக்குப் பொருந்தும் அளவே முக்கியம்.

பழுதும் திருத்தமும்

கேபிள் மவுஸுக்குள் நுழையும் கழுத்தில்தான் முதலில் அறும். கணினி ‘டிங்-டிங்’ என்று இணைப்பு விட்டுவிட்டு வரும் சத்தம் கொடுத்தால் சந்தேகம் அங்கே. திருகாணிகள் பெரும்பாலும் அடிப்பாதங்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும்; பாதங்களை மெல்லச் சூடாக்கி உரித்தால் மீண்டும் ஒட்டலாம். அறுந்த இடத்துக்கு அப்பால் வெட்டி, நான்கு வயர்களையும் ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்ற வழக்கமான நிறவரிசையை எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவதில்லை. வெட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.