சிவனொளிபாத மலை: ஏறும் முன் கொஞ்சம் வரலாறு



வரும் ஜனவரியில் இலங்கை செல்லும் நம் குழு, சிவனொளிபாத மலைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. "இந்த வயதில் ஏற முடியுமா சார்?" என்று பலர் கேட்டீர்கள். எனக்கும் அதே பயம்தான். இரண்டு வருடங்களுக்கு முன் பர்வதமலையில் சங்கிலியைப் பார்த்ததும் பாதியிலேயே திரும்பியவன் நான். வெட்கத்தில், உச்சி வரை போனதாகப் பிள்ளைகளிடம் பொய்யும் சொன்னேன். இந்த மலையின் வரலாற்றைப் படித்த பிறகுதான் மனம் தெளிந்தது.

உயரம் 2,243 மீட்டர். உச்சியில் ஒரு பாதச்சுவடு. பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், சைவர்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமின் பாதம் என்பார்கள். வங்கி மொழியில் சொன்னால், நான்கு பேருக்கும் உரிமையுள்ள கூட்டுக் கணக்கு!

11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னர், யாத்ரீகர்கள் படும் பாட்டைக் கண்டு வழியில் தங்குமிடங்கள் அமைத்தார். அவர்களுக்கு உணவளிக்க கிலிமலை என்ற ஊரையே மானியமாக விட்டார்.

1344இல் மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்தார். அவருக்கு உதவியவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்கோடு 4 யோகிகள், 3 பிராமணர்கள், தம் ஆட்கள் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் என அனுப்பி வைத்தார். கூட்டிப் பாருங்கள், 32 பேர்!

அவர் இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறார். ஆதாம் பெயரில் 'பாபா' வழி கடினமானது, சங்கிலி பிடித்து ஏற வேண்டும். ஏவாள் பெயரில் 'மாமா' வழி (நம் மாமா அல்ல!) சுலபமானது. ஆனால் அதில் ஏறியவர்களை யாத்திரை செய்தவர்களாகவே மதிக்க மாட்டார்களாம். அந்தக் காலத்திலும் வெட்கப்பட வைக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த மலையில் யாரும் தனியாக ஏறியதில்லை. பிறர் செய்து வைத்த ஏற்பாட்டில்தான் ஏறினார்கள்.

நம் ஏற்பாடு இதோ. ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. தேயிலைத் தோட்டப் பகுதி என்பதால் தமிழ் பேசினாலே போதும். சுமார் 5,500 படிகள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். வழியில் தேநீர்க் கடைகள் இருக்கும். சூரிய உதயம் பார்க்க விரும்பும் இளையவர்கள் நள்ளிரவுக்குப் பின் கிளம்பட்டும். நாம் விடிந்ததும் ஏறுவோம். பௌர்ணமியும் வார இறுதியும் வேண்டாம், கூட்டம் தாங்காது. கம்பளி, கைத்தடி, தண்ணீர், வழக்கமான மாத்திரைகள் அவசியம். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சோதனை.

முடியாதவர்கள் பாதியில் கடையில் உட்காரலாம். துணைக்கு ஒருவர் இருப்பார். இந்த முறை நான் பாதியில் உட்கார்ந்தால், பிள்ளைகளிடம் உண்மையையே சொல்வேன்.

வர விரும்புவோர் மருத்துவரைக் கலந்து பேசிவிட்டு, சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.